வண்டி ஓட்டுற வயசு

அப்படிச் சொல்லாதீங்கம்மா. எண்பத்தொண்ணெல்லாம் ஒரு வயசா? அந்தக் கோடியில மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்களே, அவங்கதானே உங்கம்மா? லைசென்ஸைத் திருப்பிக் குடுன்னு போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுத்தாந்தா, பின்ன சிரிச்சுக்கிட்டா இருப்பாங்க? உக்காருங்க. இவங்க கூப்பிடுறதுக்குள்ள நமக்கும் வயசாயிரும். நமக்குன்னா உங்களுக்கு. எனக்கு ஏற்கெனவே ஆயிருச்சு.

நான் அப்பாகூட வந்தேன். வெளியில வண்டியில இருக்கார். தொண்ணூத்தாறு. உள்ள வாங்கன்னா, போலீஸ்காரன் மூஞ்சியைப் பாத்தா மத்தியானம் சோறு எறங்காதுன்னுட்டார்.

பேரு தொராகிச்சி. எங்க மலைப்பக்கம் அவரோட வெள்ளைக் குட்டி லாரி வருதுன்னா கோழிகூட ரோட்டை விட்டு எறங்கிரும். ஒருக்கா தபால் பெட்டியைச் சாய்ச்சுட்டார். கேட்டா, நாப்பது வருஷமா அது தப்பான எடத்துலதான் நிக்குதுன்னார்.

என் மக நகோயாவுல இருக்கா. கல்யாணம் வேணாம், பூனை போதும்னுட்டா. ஞாயித்துக்கிழமையானா போன்ல மொகம் பாத்துப் பேசுவா. அப்பா, தாத்தாகிட்டேருந்து சாவியை வாங்குங்க, டிவில தெனம் பாக்கலையா, கிழவங்க பிரேக்குன்னு நெனச்சு ஆக்சிலரேட்டரை மிதிச்சு, வண்டியைக் கடைக்குள்ளயே வுட்டுர்றாங்கன்னு ஒரே பொலம்பல். பூனையும் பக்கத்துல உக்காந்து என்னைத்தான் மொறைக்கும். சரின்னு சாவியை எடுத்து அரிசி டப்பாவுல ஒளிச்சேன்.

என்ன பண்ணார் தெரியுமா? டிராக்டரை எடுத்துக்கிட்டு டவுனுக்கு முடி வெட்டிக்கப் போயிட்டார். ஒத்தை ரோடு. பின்னாடி பஸ்ஸு, அதுக்குப் பின்னாடி கோயில் சாமியார் கார், சாமியார் ஒரு சாவு வீட்டுக்கு மந்திரம் ஓதப் போகணும். எல்லாம் நத்தை மாதிரி ஊர்ந்துச்சாம். வந்ததும் கத்துனேன். அவர் நிதானமா, சாவி அரிசியிலதான்டா இருக்கு, நேத்தே தெரியும், நீ மெனக்கெட்டு ஒளிச்சு வச்சிருக்கே, எடுத்தா மனசு நோகுமேன்னு விட்டுட்டேன்னார். இந்த ஆளை என்ன பண்ணுவீங்க?

எனக்கா? எழுபத்தஞ்சு. சிரிக்காதீங்க, ஊர்ல நான்தான் இளைஞர் சங்கத் தலைவர். நெசமாத்தான். எனக்கப்புறம் எளசு யாரும் பொறக்கல, பொறந்த ஒண்ணு ரெண்டும் டோக்கியோவுக்குப் போயிருச்சு. திருவிழாவுல சாமியைத் தூக்கத் தோள் இல்ல. லாரியில ஏத்தி ஊர்வலம் விடுறோம். சாமியும் ஒண்ணும் சொல்லல. அதுக்கும் மூட்டு வலியோ என்னவோ.

முதியோர் இல்லமா? அதையும் பாத்தாச்சு. அப்பாவைச் சேக்கலாம்னு கூட்டிட்டுப் போனேன். அங்க இருந்த பொண்ணு ரொம்ப மரியாதையா ஓடி வந்து, சக்கர நாற்காலியை என் முட்டிக்குப் பின்னாடி தள்ளி, உக்காருங்க தாத்தான்னா. கிழவருக்கு ஒரே சிரிப்பு. இருமி இருமிச் சிரிச்சார். இவனை வச்சுக்கோங்க, சாதம் கொஞ்சம் கொழைவா வடிச்சுப் போடுங்கன்னுட்டு வெளிய கெளம்பிட்டார். எப்படியும் எடம் இல்ல. யாராவது போனாத்தான் எடமாம்.

சமைக்கிறது நான்தான். பொண்டாட்டி போனதுலேருந்து. மீசோ சூப்பு வைப்பேன், உப்பு பத்தலைம்பார். மறுநாள் உப்புப் போட்டா, என்னைக் கொல்லப் பாக்குறியான்னு கேப்பார். ராத்திரியானா ஒருத்தர் முதுகுல ஒருத்தர் வலி நிவாரணப் பிளாஸ்திரி ஒட்டிக்குவோம். எங்க வீட்டுல குடும்பம்னா அதான். ரெண்டு முதுகு.

ஆமா, பரிச்சை இருக்கே. எழுபத்தஞ்சு ஆயிட்டா லைசென்ஸ் புதுப்பிக்க அதை எழுதியே ஆகணும். உங்கம்மா சொல்லியிருப்பாங்க. படமாக் காட்டி எடுத்து வச்சுட்டு, அப்புறம் என்னென்ன பாத்தேன்னு கேப்பாங்க. இன்னைக்குத் தேதி என்ன, மணி என்னன்னு கேப்பாங்க. அப்பா எல்லாத்தையும் எழுதுனார். எழுதிட்டு, நீங்க வரைஞ்ச மண்வெட்டிக்குக் காம்பு தப்பு, இதை வச்சு ஒரு வரப்பு வெட்ட முடியாதுன்னு அந்த ஆபீசர்கிட்ட சண்டை. கண்ணையும் பாத்தாங்க, வண்டியையும் ஓட்டச் சொன்னாங்க. புதுப்பிச்சுக் குடுத்துட்டாங்க.

அப்ப இன்னைக்கு எதுக்கு வந்தோமா? அவரோடதைக் குடுக்க இல்லம்மா. என்னோடதைக் குடுக்க.

ரெண்டு பேரும் ஒரே ரூம்லதான் பரிச்சை எழுதுனோம். எனக்குத் தேதி வரல. படத்துல ஒரு காக்கா இருந்துச்சு, அது மட்டும் ஞாபகம். அதுக்கு முன்னாடியே தெரியும், வெளிய சொல்லல. தோஃபு வாங்கப் போனவன், வீட்டுக்கு வர்ற வழி தெரியாம முன்ன நான் வேலை பாத்த, சீமைப் பனிச்சைப் பழம் காயப் போடுற பழைய கொட்டகை முன்னாடி வண்டியை நிப்பாட்டிட்டு உக்காந்திருந்தேன். மூடிப் பல வருஷம் ஆச்சு அது. வேலைக்கு வந்திருக்கோம், ஏன் இன்னும் கதவைத் தொறக்கலன்னு எனக்குக் கோவம் வேற. அப்பாதான் டிராக்டர்ல தேடி வந்தார். திட்டல. ஒரு வார்த்தை திட்டல. அப்பத்தான் எனக்கு பயம் வந்துச்சு.

டாக்டர் அதுக்குப் பேர் சொன்னார். மறந்துட்டேன். இது ஜோக்குதான், சிரிக்கலாம்.

மககிட்ட இன்னும் சொல்லல. தாத்தா சாவியை வாங்குனீங்களான்னு கேக்குறா, வாங்கிட்டேன்னு சொல்லி வச்சிருக்கேன்.

இந்தா, சுனேயோன்னு கூப்பிடுறாங்க, நான்தான். நீங்க போயி உங்கம்மா பக்கத்துல உக்காருங்க. வெளிய போறப்ப வேணா எங்கப்பாவைப் பாருங்க. எஞ்சினை ஓட விட்டுட்டு, வாயில முட்டாய்க் குச்சியோட உக்காந்திருப்பார். பதினாறு வயசுலேருந்து புடிச்ச சிகரெட்டைப் போன மாசம் நிறுத்திட்டார். தொண்ணூத்தாறு வயசுல இனிமே விட்டு என்னத்தப்பா ஆகப்போகுதுன்னேன். எனக்கு இன்னும் ஒரு பத்து வருஷம் தேவைப்படுதுடான்னார்.