ஆமத்தூருக்கு ஒதுக்காத மருந்து

எனக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது. அதனால் கிராமங்களுக்குப் போகிற நாட்களில் எட்டரைக்கே போய், பதினொன்றரைக்குள் வேலையை முடித்துக்கொள்வேன். அன்றைக்கும் அப்படித்தான் ஆமத்தூருக்குப் போனேன். எதையும் திட்டமிட்டுப் போகவில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், சார்.

என் வேலை என்ன என்று கேட்டீர்கள். போதை ஊசி அளவு மீறிச் சாகிறவர்களைக் காப்பாற்ற அரசு என்ன செய்யலாம் என்று ஆராய்வது, பிறகு அதைச் செய்யும்படி அதிகாரிகளிடம் வாதாடுவது. விருதுநகரில் எங்கள் தொண்டு நிறுவனத்துக்கு ஓர் அறை இருந்தது. பட்டாசுக் கம்பெனியில் தீப்பட்டவர்களுக்கு ஆஸ்பத்திரியில் வலி ஊசி போடுவார்கள். புண் ஆறிய பிறகும் சிலரால் ஊசியை விட முடியாது. கடையில் தாங்களே வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். அளவு கூடினால் மூச்சு மெல்ல மெல்லக் குறைந்து நின்றுவிடும். அதை முறிக்க நலாக்சோன் என்று ஒரு மருந்து இருக்கிறது. தசையில் போட்டால் சில நிமிடங்களில் ஆள் எழுந்து உட்கார்ந்து, ஏன் எழுப்பினாய் என்று திட்டுவான். அந்த மருந்தை ஊர்க்காரர்கள் கையிலேயே கொடுத்துவைக்க வேண்டும் என்று ஏழு வருடமாகச் சொல்லிவந்தேன்.

2007இல் சோதனைக்கு அனுமதி கிடைத்தது. நாரணாபுரத்தில் எட்டுப் பேருக்குப் பயிற்சியும் மருந்தும் கொடுத்தோம். ஒப்பிட்டுப் பார்க்க ஆமத்தூர். அங்கே விவரம் சேகரிப்பது மட்டும். ஆனால் எங்கள் ஆட்களின் கண்ணெதிரே யார் விழுந்தாலும், எந்த ஊரானாலும், உடனே மருந்து போட வேண்டும் என்று விதி இருந்தது. அதை எழுதியவள் நான்தான்.

ஐந்து மாதத்தில் நாரணாபுரத்தில் ஆறு பேர் பிழைத்தார்கள். யாரும் சாகவில்லை. ஆமத்தூரிலும் யாரும் சாகவில்லை. சென்னையில் எங்களுக்கு அனுமதி கொடுத்த அதிகாரி நல்ல மனிதர். டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார்: "ரெண்டு ஊர்லயும் சாவே இல்லையே மேடம். அப்ப உங்க மருந்து என்ன செஞ்சுது?"

அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். சோதனை முடிய இன்னும் ஏழு வாரம் இருந்தது.

ஆமத்தூரில் ஊர்க்காவலன் என்று ஒருவன், வெடிமருந்து கலக்கிற வேலை பார்த்தவன். அதற்கு மூன்று வருடம் முன்பு இரண்டு கைகளும் முழங்கை வரை வெந்துபோயின; அதிலிருந்து அவனால் ஊசியை விட முடியவில்லை. நல்ல பேச்சுக்காரன். என் கேள்வித்தாளைப் பார்த்தாலே, "பரீச்சை வைக்க வந்துட்டீகளா டீச்சர்?" என்பான். அவன் மனைவி முருகம்மாள் தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போகிறவள். ஆவணியில் ஒருநாள் அவள் என்னைத் தெருவில் நிறுத்தினாள்.

"செல்லக்கனியக்கா, நாரணாபுரத்துல எழுப்பிவிடுற ஊசி குடுத்திருக்கீகளாம்லா. எங்களுக்கு எப்பம் தருவீக?"

"தீபாவளி கழிச்சு" என்றேன். அது பொய்யில்லை. சோதனை வெற்றி பெற்றால் எல்லா ஊருக்கும் கிடைத்திருக்கும்.

அது நடந்தது புரட்டாசியில். சீசன் என்பதால் ஊரில் பாதிப் பேரைக் கம்பெனி பஸ் ஏற்றிக்கொண்டு போய்விட்டிருந்தது. எங்கள் உதவியாளர் பலவேசம் பைக்கில் என்னை இறக்கிவிட்டுப் போனார். சாயங்காலம் நாரணாபுரத்தில் கொடுப்பதற்காக இரண்டு மருந்துக் குப்பிகளையும் ஊசியையும் காலையில் அவர்தான் என் பையில் வைத்தார்.

பத்து மணிக்கு முருகம்மாள் ஓடிவந்தாள். வீட்டின் பின்னறையில் ஊர்க்காவலன் சுவரில் சாய்ந்து கிடந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. நிமிடத்துக்கு நான்கு மூச்சு.

"அக்கா, அந்த ஊசி உங்ககிட்ட இருக்கா?"

"இல்ல. நாரணாபுரத்துலதான் இருக்கு. நீ ஓடிப்போய் ஆட்டோ கூட்டிட்டு வா. நான் பாத்துக்கிடுதேன்."

அவள் செருப்புகூடப் போடாமல் ஓடினாள். நான் அவனைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்தேன். அது ஆமத்தூரிலும் சொல்லிக்கொடுத்திருந்த முதலுதவிதான். அதற்கு மேல் நான் எதுவும் செய்யவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏழாவது நிமிடம் அவன் விரல்கள் என் சேலை நுனியில் பட்டன. பற்றினானா, தானாக அசைந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. பன்னிரண்டாவது நிமிடம் மூச்சு நின்றது. நேரத்தைக் குறித்துக்கொண்டேன். ஆட்டோ வந்தது பத்து இருபத்தைந்துக்கு.

எனக்கு அவன்மேல் கோபமில்லை. மூன்று நாள் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். இப்போது பதினான்கு ஊர்களில் அந்த மருந்து இருக்கிறது. இரண்டு வருடத்தில் நாற்பத்தொரு பேர் எழுந்து வீட்டுக்கு நடந்திருக்கிறார்கள்.

பலவேசம் இவ்வளவு நாளும் வாயைத் திறக்கவில்லை. போன மாதம்தான் முருகம்மாளிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். அவள் எங்கள் ஆபீஸுக்கு வந்து, நாற்காலியில் உட்காராமல் நின்றாள்.

"பையில இருந்துச்சாக்கா?"

"இருந்துச்சு."

"நிம்மதியாத்தான் ஓடுனேன்க்கா. நீங்க பக்கத்துல இருக்கீகன்னு" என்றாள். பிறகு நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள். அவள் சொன்னது எல்லாம் உண்மை.

முனியராஜைப் பற்றியும் நீங்கள் கேட்பீர்கள். அவனும் ஆமத்தூர்தான், ஊர்க்காவலன் போய் மூன்று வாரத்தில் போனவன். "ஒரு சாவு தற்செயலாக்கூட இருக்கலாமே மேடம்" என்று அந்த அதிகாரி போனில் சொன்ன பிறகு, நான் தினமும் ஆமத்தூருக்குப் போனேன். முனியராஜ் விழுந்தபோதும் பக்கத்தில் இருந்தேன். ஆனால் அந்தச் சாவை என்மேல் எழுதாதீர்கள், சார். அந்த மூன்று வாரமும் நான் மருந்தைக் கையில் எடுத்துக்கொண்டு போகவே இல்லை. இல்லாத மருந்தை எப்படிக் கொடுப்பது?