குழி விழுந்த தோட்டாக்கள்

மறுபடி வெடிக்கிறது. டப். அடுத்து தகரக் கூரையில் ஒரு கீறல் சத்தம். நானும் எஸ்தரும் வார்ப்பு மணல் குவியலுக்குப் பின்னால் குப்புறக் கிடக்கிறோம். பட்டறைக்கு ஒரே வாசல். வாசலுக்கும் எங்களுக்கும் நடுவில் உலை. உலையின் விளிம்பில் தோட்டாக்கள். இன்னும் எத்தனை என்று தெரியாது.

"எஸ்தரு, தலைய தூக்காத!"

கே.ஜி.கண்டிகையை ஒட்டிய பித்தளை வார்ப்புப் பட்டறை. மணி, வேல், குத்துவிளக்கு செய்வோம். உலோகவியல் டிப்ளமோ முடித்த எனக்குத் தரம் பார்க்கும் வேலை. எஸ்தர் மணலில் அச்சு எடுப்பவள். உலையைப் பார்த்தவர் முனிரத்தினம் அண்ணன்.

ஆடிக் கிருத்திகை நெருங்கியது. மணிகளுக்குப் பித்தளை போதவில்லை. அன்று காலை வந்த பழைய சாமான் மூட்டையை வாசலுக்கு வெளியே கொட்டினோம். ராணுவத் துப்பாக்கித் தோட்டாக்கள். யார் எங்கிருந்து எடுத்தது, இன்றுவரை தெரியாது. பாதி வெற்றுக் கூடுகள். மீதியில் குண்டு முனையிலேயே இருந்தது. கூடுகளில் பச்சை பூத்திருந்தது.

யாரும் தொடவேண்டாம் என்றேன். தட்டக்கூடாது. சூடு படக்கூடாது. காவல் நிலையத்தில் சொல்ல முதலாளி திருத்தணிக்குக் கிளம்பினார்.

முனிரத்தினம் அண்ணன் சிரித்தார். "இன்ஜினியரம்மா, இது எங்க தாத்தாவுக்கே அண்ணன். இதுக்குப் போயி இன்னாத்துக்கு நடுங்கற?"

தோட்டாவின் அடியில், நடுவே, ஒரு சிறிய மூடி இருக்கும். துப்பாக்கியின் ஊசி அடித்தால் அதில் குழி விழும். குழி இருந்தால் சுட்டு முடிந்தது என்பது அவர் நம்பிக்கை. அது தவறு. ஊசி அடித்தும் உள்ளே வெடிமருந்து பற்றாமல் போவது உண்டு. குண்டு முனையில் இருந்தால் மருந்தும் உள்ளே இருக்கிறது. எவ்வளவு பழையதானாலும் அது உயிருள்ள தோட்டா.

நாங்கள் அச்சுப் பெட்டியில் குனிந்திருந்தோம். அவர் குழி விழுந்தவற்றைப் பொறுக்கி உள்ளே கொண்டுவந்தார். ஈரப் பித்தளையை உலோகக் குழம்பில் போட்டால் தெறிக்கும். அதனால் முதலில் உலை விளிம்பில் அடுக்கிக் காயவைப்பது எங்கள் வழக்கம். பாதுகாப்புக்கான வழக்கம். அப்படித்தான் அடுக்கினார்.

முதல் வெடியில் பக்கத்தில் இருந்தவை உருகிய பித்தளைக்குள் விழுந்தன. குழம்பு எழும்பியது. அவர் கழுத்திலும் மார்பிலும் கொட்டியது. எஸ்தரின் இடது கண்ணில் கூட்டின் சில்லு.

ஊதுகாற்று இரைகிறது. டீசல் எரிந்துகொண்டே இருக்கிறது. நிறுத்தும் சுவிட்ச் வாசல் பக்கம். நான் முழங்காலில் எழுகிறேன். டப். டப். முன்னால் மணல் சிதறுகிறது. மீண்டும் படுக்கிறேன்.

"கண்ண அமுக்காத. எஸ்தரு, கைய எடு."

உலைக்கு அந்தப் பக்கம் ஏதோ தரையில் உரசுகிறது. முனிரத்தினம் அண்ணன் சுவிட்சை நோக்கி ஊர்ந்து போகிறார். எங்களைப் பார்த்துக் கத்துகிறார்.

"வராதீங்க! அங்கயே குந்திகினு இருங்க! இன்னும் வெடிச்சிகினே கீது!"

இரைச்சல் இறங்கியது. நின்றது. செங்கல் சூட்டில் இன்னும் சில வெடித்தன. அதன்பின் ஒன்றுமில்லை. காத்திருந்தோம். கூப்பிட்டேன். சுவரோரமாக எஸ்தரை வெளியே இழுத்து வந்தேன். சுவிட்சுக்குக் கீழே அண்ணன் கிடந்தார்.

இழந்தவை: கூரையில் இரண்டு தகடுகள். ஓர் உலை. கிருத்திகைக்கான மணிகள் அனைத்தும். எஸ்தரின் இடது கண். முனிரத்தினம் அண்ணன், ஆம்புலன்ஸ் திருவள்ளூர் சேரும் முன்.

அவர் மனைவி ஒன்றே ஒன்று கேட்டார். "ரொம்ப வலிச்சிதாமா அவருக்கு?"

"ஆமா" என்றேன்.