மஞ்சள் துணி

— அப்ப உத்திரமேரூர்ல மோட்டார் நல்லாவே எரியுதுன்னு சொல்றே.

— எரியுது சார். எரியலேன்னா நாங்க இன்னாத்த துன்றது?

— வேதகிரி, இதைத்தான் நான் எண்பத்தொண்ணுல கவர்மெண்ட்டுக்கு எழுதிக் குடுத்தேன். கிராமத்துப் பசங்கன்னா உடனே தையல், பாய் பின்னறதுன்னு ஆரம்பிக்காதீங்க, கிணத்துக்குக் கிணறு மோட்டார் இருக்கு, எரிஞ்ச மோட்டாருக்குக் காயில் கட்டக் கத்துக்குடுங்கன்னேன். கோட்டையில சிரிச்சாங்க. இந்த ஆலோசகர் தேவராஜனுக்கு வேற வேலை இல்லேன்னாங்க.

— இப்ப சிரிக்கிறாங்களா சார்?

— இப்ப கார் அனுப்பிக் கூப்பிடறாங்க. அதை விடு. கடைக்குப் புது ஷட்டர் போட்டிருக்கே போல.

— பழைய மரப்பலக செல்லரிச்சிப் போச்சு சார். இது இரும்பு. செங்கல்பட்டுல சொல்லி செஞ்சது. காலைல ஒத்தக் கையால தூக்குனா சர்ருன்னு போவுது. வேற யாரையும் தொட வுடமாட்டேன்.

— நல்லதாப் போச்சு. வியாழக்கிழமை டெல்லியிலேர்ந்து கமிட்டி வருது. இந்த ஷட்டர் முன்னாடி உன்னை நிறுத்தி போட்டோ எடுக்கணும். அவங்களுக்குப் பிடிச்சுப்போச்சுன்னா ஜில்லா ஜில்லாவா இதே திட்டம்தான். இங்க ரெண்டாவது பேட்ச். அதுக்கு மாஸ்டர் நீ. மாசச் சம்பளம்.

— நெசமாவா சார்? பேஜார் பண்ணாதீங்க.

— நான் சொன்னா சொன்னதுதான். கமிட்டியில ஒரு கேள்வி கேப்பாங்க, அதுக்கு மட்டும் எனக்குப் பதில் வேணும். வேற தாலுக்காவுல இல்லாத அளவுக்கு இங்க மட்டும் மோட்டார் ஏன் இப்படிக் கெட்டுப்போகுது? வோல்டேஜ் கம்மியா?

— வோல்டேஜெல்லாம் நல்லாத்தான் வருது. வெளிய சொல்லமாட்டீங்கன்னா ஒண்ணு சொல்றேன்.

— சொல்லு.

— அது உங்க பாடத்துலயே இருந்துது சார். மோட்டாருக்கு மூணு பியூசு கட்ட. ஒண்ணு போயிட்டா மீதி ரெண்டுல மொனகிக்கினே ஓடி காயிலு வெந்துடும், வெவசாயிங்கள ஜாக்கிரதையா இருக்கச் சொல்லுங்கன்னு சொல்லிக் குடுத்தாங்க. நாங்க யாருக்கும் சொல்லல.

— புரியலை.

— இருபது பேர மெக்கானிக் ஆக்கிட்டீங்க. ஊருல தானா கெடுற மோட்டாரு ரெண்டு பேருக்குத்தான் காணும். மொத வருசம் பசங்க பட்டினி. கைல சர்டிபிகேட்டு, வயித்துல ஈரத்துணி. அப்பால ஒரு வழி கண்டுபுடிச்சோம். ஆளு இல்லாத நேரமா பாத்து மோட்டார் ரூமுக்குள்ள பூந்து, மோட்டாரு ஓடிக்கினு இருக்கிறப்போ ஒரே ஒரு கட்டைய உருவிடுறது. சாயங்காலம் அந்த வெவசாயி பொகையுதுடான்னு நம்மகிட்டதான் ஓடியாருவாரு.

— எல்லாருமா?

— எல்லாரும்தான். கழனிய பிரிச்சிக்கினோம். வடக்கால எனக்கு, தெக்கால சின்னராசுக்கு, ஏரிக்கரைப் பக்கம் ஜெயமணிக்கு.

— பயிரு?

— காஞ்சிப் போச்சு. பூ புடிக்கிற நேரத்துல எட்டு நாளு தண்ணி இல்லேன்னா நெல்லு பதராத்தானே போவும். சடையப்பன்னு ஒருத்தரு, ரெண்டு போகம் அப்டியே போயிடுச்சு. நெலத்த குடுத்துட்டு பல்லாவரத்துல கல்லு ஒடைக்கிறாரு.

— இதை வேற யார்கிட்டயாவது சொன்னியா?

— உங்ககிட்டதான் சார்.

— என்கிட்டயும் சொல்லலை. ஏரி வறண்டுட்டுது, மோட்டார் ஓயாம ஓடுது, அதனால எரியுது. கமிட்டிக்கு அவ்வளவுதான். எரியற வரைக்கும் உங்களுக்கு வேலை, உங்களுக்கு வேலை இருக்கற வரைக்கும் எனக்கு வேலை. யாரது, வாசல்ல நிக்கறது?

— கோவிந்தம்மா அத்த சார். சின்னராசோட அம்மா. வா அத்த, உள்ள வந்து குந்து.

— கும்பிடுறேன் சாமி. ஜீப்ப பாத்தேன். நீங்கதான் வந்து கீறீங்கன்னு தெரிஞ்சிக்கினேன்.

— உக்காருங்கம்மா. விஷயம் கேள்விப்பட்டேன். என் பேட்ச்லயே கைராசிக்காரன் உங்க பையன்தான். ஷாக் அடிச்சுப் போயிட்டான்னு எழுதியிருந்தாங்க. மனசுக்கு ரொம்பக் கஷ்டமாப் போச்சு.

— உங்களுக்குக் கஷ்டமா கீதுன்னா சரிதான் சாமி. நான் அழுது முடிச்சிட்டேன். வந்தது வேற விசயம். எம் பொண்ணு மலர்க்கொடி பத்தாவது முடிச்சிட்டு வூட்ல கீறா. அவள இந்த மோட்டார் வேலையில சேத்துவுடணும்.

— அத்த, அது பொம்பளப் புள்ள செய்யிற வேல இல்ல. தையல்ல சேத்துவுடு.

— நீ சும்மாயிரு நைனா. நான் சாமிய கேக்குறேன்.

— இரு வேதகிரி. மூணுல ஒரு பங்கு பொண்ணுங்க இருக்கணும்னு டெல்லியில கழுத்தைப் பிடிக்கறாங்க. நான் எங்க போய்த் தேடறதுன்னு இருந்தேன். அண்ணன் விட்ட வேலையைத் தங்கச்சி கையில எடுக்கறா. அம்மா, வியாழக்கிழமை போட்டோவுக்கு அவனோட சட்டையை அவளுக்குப் போட்டு அனுப்ப முடியுமா? கருகாத சட்டையா இருக்கட்டும்.

— கீது சாமி. தீவாளிக்கு எடுத்தது ஒண்ணு கீது. போட்டு அனுப்புறேன்.

— சந்தோஷம். மாஸ்டர் வேற யாரும் இல்ல, நம்ம வேதகிரிதான்.

— எனக்கும் அதான் சாமி வேணும். இவன் கை வேலன்னா எங்க இருந்தாலும் எனக்குத் தெரியும். எங்க வூட்டுக்கு லைட்டு இழுத்துக் குடுத்ததும் இவன்தான். ஒயரு முடிச்சு மேல மஞ்சத் துணி சுத்தி வச்சான். இன்னும் அப்டியே கீது.

— மஞ்சத் துணியா? எதுக்குப்பா?

— என் ராசி சார். ஆயுத பூசைல சாமிக்கு வச்ச துணிய கிழிச்சி வச்சிக்குவேன். எங்க ஒயரு சேத்தாலும் டேப்பு மேல ஒரு சுத்து. அது இல்லாம எனக்குக் கை ஓடாது. வேற எவனும் செய்யமாட்டான்.

— இதுதான் தொழில் பக்திங்கறது. கமிட்டி வந்தா இதைக் காட்டு.

— பேசிக்கினு இருங்க. சாமிக்கு பஸ் ஸ்டாண்டுலேர்ந்து டீ வாங்கியாறேன்.

— சரிம்மா, மெதுவா வாங்க. என்னப்பா, உனக்கு ஏன் மூஞ்சி வெளுத்துப்போச்சு?

— ஒண்ணுமில்ல சார். அந்தப் பொண்ணு மட்டும் வேணாம் சார்.

— முடியாது. பொண்ணு இல்லேன்னா பேட்ச் இல்ல, பேட்ச் இல்லேன்னா மாஸ்டரும் இல்ல. அதை விடு, காயில் தவிர வேற என்ன வேலை வருது உனக்கு? மோட்டார் ரூம்ல ஒயரிங் பண்றேன்னு கடுதாசி போட்டிருந்தியே. அதையும் பாடத்துல சேத்துடலாம். புதுத் தொழில்னா டெல்லிக்கு வெல்லக்கட்டி.

— அத சேக்காதீங்க.

— ஏன்?

— தெக்கால கழனி சேட்டு அண்ணன் இருக்காரே, அவரு மோட்டாரு நாலு தபா எரிஞ்சுது. எவனோ கட்டைய உருவுறான்னு மோப்பம் புடிச்சிட்டாரு. எங்கிட்ட வந்து, மோட்டார் ரூமுக்குத் தகரக் கதவுதானே, அதுல கரண்ட வுட்டுடு, தொட்டவன் சாவட்டும்னாரு.

— நீ?

— கட்டிக் குடுத்தேன்.

— தெக்கால கழனி சின்னராசுதுன்னு இப்பத்தானே சொன்னே.

— ஆமா சார்.

— அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

— அவன் செத்த அன்னிக்குக் காலைல இதே கடையில ஒண்ணா குந்தி நாஷ்டா துன்னோம். அவன் இட்லில பாதி எனக்கு வச்சான். வாய் வரைக்கும் வந்துது சார். முழுங்கிட்டேன். அவன் கீற வரைக்கும் ஊரு பூரா அவங்கிட்டத்தான் போவும். நான் கட்டுன காயிலு ஒரு போகம் தாங்காது, அவன் கட்டுனது வருசக் கணக்கா ஓடும். இந்த மாஸ்டர் வேலைய நீங்க யாருக்குக் குடுத்திருப்பீங்க, நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க.

— அவனுக்குத்தான்.

— அவ்ளோதான் சார்.

— அந்த ஒயர் இப்ப எங்க?

— போலீசு வர்றதுக்குள்ள சேட்டு அண்ணன் பிச்சி கெணத்துல கடாசிட்டாரு. அவருக்கும் எனக்கும்தான் தெரியும். இப்ப உங்களுக்கு.

— எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் டீக்கு உக்காந்திருக்கேன். செத்தவனுக்கு வேலை தேடித் தர எந்த கவர்மெண்ட்டும் என்னைக் கூப்பிடலை. வியாழக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கோ. அந்தம்மா வர்றாங்க, மூஞ்சியத் தொடைச்சுக்கோ.

— இந்தாங்க சாமி, டீ. நைனா, உனக்கும் வாங்கியாந்தேன். புடி. ஏன் கீழ வச்சிட்டே?

— சூடு அத்த.

— பொண்ணைத் திங்கக்கிழமையே அனுப்பிடுங்கம்மா. நான் கையெழுத்துப் போட்டுடறேன். இனிமே யாரும் மாத்த முடியாது.

— மாத்தமுடியாதுல்ல சாமி? அது போதும். வேதகிரி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

— சொல்லு அத்த.

— எம் புள்ளைய மொதல்ல பாத்தது நான்தான். சேட்டு வர்றதுக்கு முன்னாலயே கஞ்சி எடுத்துக்கினு போயிட்டேன். கரண்டு நின்னு போயி கதவாண்ட வுழுந்து கெடந்தான். கதவுக்குப் பின்னால ஒயரு. ஒயரு முடிச்சு மேல மஞ்சத் துணி.

— அத்த...

— போலீசுல சொன்னா எம் புள்ளைய பியூசு கட்ட திருடுனவன்னு எழுதிக்கினு போவாங்க. அதான் வாயத் தொறக்கல. மலர்க்கொடி திங்கக்கிழம வருவா. கதவுக்குக் கரண்டு வுடுறத மொதப் பாடமா சொல்லிக் குடு. உன் கடை ஷட்டரும் இரும்புதானே, நைனா.