அஜ்லூனில் ஒரு பின்னப் பாடம்

— நாலாம் வகுப்புப் பொண்ணு ஒருத்தி உங்களைத் திணற அடிச்சிட்டா, உம்மு சைஃப்! அதுவும் உங்ககிட்ட வாத்தியார் பயிற்சிக்கு வந்தவங்க அத்தனை பேர் முன்னாடி!

— அமைச்சகம் அனுப்பின அபூ ஸஃப்வான், உங்க முன்னாடியும்தான். உங்களை விட்டுட்டீங்களே.

— சிரிக்காதீங்க. பாதி பெரிசா, மூணுல ஒண்ணு பெரிசான்னு காட்ட ரெண்டு ரொட்டியைப் பிய்ச்சீங்க. அவ எழுந்து, "டீச்சர், மூணுல ஒண்ணுதான் பெரிசா இருக்கு"ன்னுட்டா. வகுப்பே சிரிச்சுது.

— ரெண்டாவது ரொட்டி பெரிசு. நான் கவனிக்கலை, மாட்டிக்கிட்டேன். அதுக்கென்ன?

— பாருங்க, நான் நாடு நாடாப் போய்ப் பார்த்துட்டு வந்தவன். பின்லாந்துல வாத்தியாராகணும்னா அஞ்சு வருஷம் பல்கலைக்கழகம். கேட்டு வர்றவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு மேல இடமே கிடையாது. சிங்கப்பூர்ல பயிற்சிக் காலத்துலயே சம்பளம். இங்க என்னடான்னா ரொட்டியைப் பிய்ச்சுக்கிட்டு... இந்தப் பயிற்சிக் கூடத்தை மூடிட்டு எல்லாரையும் தலைநகர் அம்மானுக்கு அனுப்பலாம்னு பேச்சு. நான் ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது.

— தாராளமாச் சொல்லுங்க. மரமிய்யா இலை போட்ட டீ ஆறுது, முதல்ல குடிங்க. அங்க கெட்டிக்காரப் பிள்ளைங்க முட்டி மோதிக்கிட்டு வாத்தியார் வேலைக்கு வருது. இங்க வேற எதுவும் கிடைக்கலைன்னா வருது. அந்த அஞ்சு வருஷப் படிப்பைக் கொண்டு வந்துடுவீங்க. மரியாதையை எந்தப் பெட்டியில வச்சுக் கொண்டு வருவீங்க?

— அப்போ உங்க வழிதான் என்ன?

— ஜப்பானுக்கும் போனீங்கல்ல? என்ன பார்த்தீங்க?

— ஒருத்தர் பாடம் நடத்துவார். மத்த வாத்தியாருங்க சுவரோரமா நின்னு பார்ப்பாங்க. அப்புறம் உட்கார்ந்து அலசுவாங்க. ஆளை இல்ல, பாடத்தை.

— அதைத்தான் இங்க செய்யறோம்.

— நம்ம ஊர்லயா? நான் கதவைத் திறந்தாலே வாத்தியாருங்க முகம் வெளுத்துடும்!

— நீங்க மார்க் போட வர்றீங்க, வெளுக்காம என்ன செய்யும்? இங்க முதல்ல தடுமாறுறது நான். என்னைப் பார்த்துட்டவளுக்கு அப்புறம் என்ன பயம்? வா, ஹனீன். உன் கூடப் பயிற்சி எடுக்கிறவங்கள்லாம் எங்க? ஏன் இப்படி மூச்சு வாங்குது?

— சண்டை போட்டு முடிச்சிட்டோம், டீச்சர்! அதாவது, அந்தப் பொண்ணு சொன்னது தப்பே இல்ல. ரொட்டி ஒரே அளவா இருந்தாத்தான் ஒப்பிட முடியும்னு நாமதான் சொல்லலை. அதாவது, அதைப் பிள்ளைங்களே கண்டுபிடிக்கணும். நாலாம் வகுப்போட அடுத்த பிரிவுல சின்ன ரொட்டி, பெரிய ரொட்டின்னு வேணும்னே கொடுத்து ஆரம்பிக்கப் போறோம்.

— அட!

— கேட்டீங்களா? உங்க பின்லாந்து பெரிய ரொட்டி, நம்ம ஊர் சின்ன ரொட்டி, அபூ ஸஃப்வான்.

— நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். சரி, பாடத்தை யார் நடத்தறது? நீயாம்மா?

— இல்ல சார், நீங்க. எல்லாரும் பேசி முடிவு பண்ணிட்டோம். மணி அடிச்சாச்சு, வாங்க.

— நானா? நான் வகுப்புல நின்னு எத்தனை வருஷமாச்சு தெரியுமா? சொதப்பிட்டா?

— சொதப்பட்டும் சார். அதாவது, அப்புறம் உட்கார்ந்து பேசலாம்.

— ம்... கோட்டு சட்டையைக் கழட்டித் தர்றேன், கொஞ்சம் பிடிங்க, உம்மு சைஃப். இந்தப் பயிற்சிக் கூடத்தை மூடுறதா வேண்டாமான்னு பாடம் முடிஞ்சதும் இவங்ககிட்டயே கேட்டுக்கறேன்.