சங்கிலி எந்தச் சக்கரத்துக்கு

டீசல் வண்டியைப் பனிக்காலத்தில் கிளப்பக் கொஞ்சம் பொறுமை வேண்டும். சாவியைப் பாதி திருப்பினால் சுருள் போல ஒரு மஞ்சள் விளக்கு எரியும். உள்ளே சூடு ஏறியதும் அது தானாக அணையும். அதற்குப் பிறகுதான் சாவியை முழுதாகத் திருப்ப வேண்டும். என்னிடம் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பாதிப் பேர் அந்த விளக்கைப் பார்ப்பதே இல்லை. என்னிடம் ஓட்டப் பழக வந்தபோது நீங்கள் பார்த்தீர்கள், இன்ஸ்பெக்டர். பொறுமைசாலி என்று அன்றைக்கே நினைத்தேன். அதனால் இதை உங்களிடம் சொல்வது எனக்குச் சுலபமாக இருக்கிறது.

நான் யாருக்கும் கெடுதல் நினைத்தவன் இல்லை. காலையில் பிரார்த்தனை முடிந்ததும் மண்வாரியோடு தெருவில் இறங்குவேன். என் வாசலோடு நிறுத்தாமல் பக்கத்து வீட்டு ஆசிரியையின் வாசலிலும் பனியை ஒதுக்குவேன். பால்காரர் வழுக்கி விழக்கூடாது என்று படிகளில் மணல் தூவுவேன். பெரிய தர்மம் செய்ய எனக்கு வசதியில்லை. சின்னச் சின்ன உதவிகளைக் கடவுள் கவனிக்கிறார் என்று நம்புகிறேன். மாப்பிள்ளைக்கு நான் செய்தவையும் அப்படிப்பட்ட உதவிகள்தான்.

என் மாப்பிள்ளை நல்ல மனிதர். இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். சமவெளிக்காரர். கீழே ஒரு கம்பெனியில் சரக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். பேத்தி பிறந்ததிலிருந்து மூவரும் எங்கள் வீட்டு மாடியறையில்தான் இருந்தார்கள். என் மனைவி போனபிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அப்போதுதான். பேத்தி என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகினாள். இந்தக் குளிர்காலத்தில் மலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆலையில் மாப்பிள்ளைக்கு வேலை கிடைத்தது. திங்கட்கிழமை போய்ச் சேராவிட்டால் அது வேறு ஆளுக்குப் போய்விடும். வேலையில் சேர்ந்து, வீடு பார்த்துவிட்டு, திரும்பி வந்து மகளையும் பேத்தியையும் அழைத்துப்போவதாக ஏற்பாடு. ஏற்பாட்டைப் பற்றி என்னை யாரும் கேட்கவில்லை. அதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

அதற்காக அவர் ஒரு பழைய டீசல் கார் வாங்கினார். அதில் எஞ்சினின் சக்தி முன்சக்கரங்களுக்குத்தான் போகும். பின்சக்கரங்கள் சும்மா கூடவே உருளும். அவர் ஓட்டிப் பழகிய வேன் இதற்கு நேர்மாறு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினார். வண்டி இருமிவிட்டு அடங்கியது.

“மாமா, உங்க பொண்ணு என்னை விட இந்த வண்டியத்தான் அதிகமா திட்டுறா” என்றார்.

மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். “ரெண்டும் காலையில எழுந்திரிக்க ஒரே அடம். யாருன்னு தனியா பிரிச்சுத் திட்டுறது?”

எல்லோரும் சிரித்தோம். அவர் பனியில் சறுக்காமலிருக்க டயரில் மாட்டும் சக்கரச் சங்கிலிகளை எடுத்துக்கொண்டு வண்டியின் பின்பக்கம் குந்தினார்.

“பின்னாடிதானே மாமா? வேன் சேத்துல சிக்கினா பின் டயர்லதான் கயிறு சுத்துவோம்.”

நான் பொய் சொல்கிறவன் இல்லை. “வேனுக்குப் பின்னாடிதான் மாப்பிள்ளை” என்றேன்.

அவருடைய விரல்கள் குளிரில் மரத்துப்போய், கொக்கி மாட்ட வரவில்லை. பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு மனம் வரவில்லை. “நகருங்க, நான் மாட்டுறேன்” என்று பனியில் மண்டியிட்டு இரண்டு பின்சக்கரங்களிலும் நானே இறுக்கிக் கட்டினேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. கொட்டகையிலிருந்து மணல் மூட்டைகளையும் தூக்கிவந்து டிக்கியில் வைத்தேன்.

“இது எதுக்கு மாமா?”

“வழியில சிக்கினா சக்கரத்துக்கு அடியில தூவிக்கலாம்.”

அதுவும் உண்மைதான். பிளாஸ்க்கில் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். என் கம்பளிக் கையுறையைக் கழற்றிக் கொடுத்தேன். “இறக்கத்துல ரெண்டாவது கியர்லயே விடுங்க. பிரேக்க அழுத்தாதீங்க” என்றேன்.

அவர் என்னைக் கட்டிக்கொண்டார். “எங்கப்பாகூட எனக்கு இப்படிப் பாத்துப் பாத்துச் செஞ்சதில்ல மாமா.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும். எந்தச் சக்கரம் வண்டியை இழுக்கிறதோ அதற்குத்தான் சங்கிலி என்பது என்னுடைய முதல் பாடம். அந்தக் காரில் இழுப்பதும் திரும்புவதும் முன்சக்கரங்களே. அவை வெறுமையாக இருந்தால், பனி உறைந்த இறக்கத்தில் ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி நேராகத்தான் போகும். டிக்கியில் பாரம் ஏறினால் வண்டியின் மூக்கு லேசாகி, இருக்கிற பிடியும் குறையும். கீழ் கியரில் டீசல் எஞ்சின் முன்சக்கரங்களைப் பிடித்து இழுத்துச் சறுக்க வைக்கும். எங்கள் வீடு கணவாயின் உச்சியில் இருக்கிறது. வாசலிலிருந்தே இறக்கம்.

முதல் வளைவில் ஆள் உயரத்துக்குப் பனி குவிந்திருக்கும். அதில் மெதுவாக முட்டி, பம்பர் நசுங்கி, வேலை கைநழுவி, மனிதர் வீட்டுக்குத் திரும்பி வந்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன். அவ்வளவுதான் என் எண்ணம். ஆனால் அவர் கைப்பழக்கம் உள்ள ஓட்டுநர். முதல் வளைவில் எப்படியோ சமாளித்துத் திருப்பிவிட்டார். இரண்டாவது வளைவில் பனிக்குவியல் கிடையாது. முழங்கால் உயரச் சுவர் ஒன்றுதான். அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று நீங்கள் கயிறு கட்டி இறங்கிப் பார்த்தவர்.

இரண்டு வளைவுகளுக்கும் நடுவே நீண்ட நேர்ச் சாலை. எங்கள் வாசலிலிருந்து முழுதாகத் தெரியும். கைபேசி என் பையில் இருந்தது. எடுத்து அவருடைய எண்ணைக்கூடத் தேடினேன். ஆனால் வண்டி ஓட்டுகிறவரைப் போனில் கூப்பிடக்கூடாது. எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்கிற நானே அதை மீறலாமா? பையில் போட்டுக்கொண்டேன். ஆசிரியையின் வாசல் பாக்கி இருந்தது. மண்வாரியை எடுத்தேன்.

வேன் ஓட்டிய பழக்கதோஷத்தில் சங்கிலியைப் பின்னால் மாட்டிவிட்டார், பாவம், என்று நீங்களே என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள். துக்கம் கேட்க வந்தவரோடு வாதாடுவது மரியாதை இல்லை.

மகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். ஆனால் அவளுக்குச் சக்கர விஷயம் தெரியாது. ஓட்டக் கற்றுக்கொடுங்கள் என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். ரோடு மோசமாக இருக்கிறது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லிவந்தேன். அவள் நல்லதுக்காகத்தான்.

எல்லாம் அடங்கி, வீடு பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தேன். நேற்று சாப்பாட்டு மேசையில் சொன்னாள்: “அப்பா, நாங்க கீழ அவரோட அம்மா வீட்டுக்கே போயிடுறோம். இந்த ரோட்ட தினமும் பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியல.”

“கொழந்தைக்கு அந்த வெயில் ஒத்துக்காதும்மா.”

“ஒத்துக்கும்ப்பா. அவ அவங்கப்பா மாதிரி.”

நாளைக் காலைப் பேருந்தில் போகிறார்கள். பேருந்தைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அதன் ஓட்டுநரும் என் பழைய மாணவர். இழுக்கிற சக்கரம் எது என்று அவருக்குத் தெரியும்.

இரவெல்லாம் பிரார்த்தனை செய்தேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று விடியும்போது மனதில் பட்டது. அப்புறம்தான் நிம்மதி வந்தது. என் மாப்பிள்ளையைக் கொன்றது நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

பதிலுக்கு உங்களிடம் ஒரு சின்ன உதவி கேட்கிறேன். அன்று வாசலில் நடந்ததற்கு நேரில் பார்த்த சாட்சி என் மகள் ஒருத்திதான். வழக்கு முடிகிறவரை சாட்சி ஊரை விட்டுப் போகக்கூடாது என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள். இந்த மாதிரி வழக்கெல்லாம் இழுத்துக்கொண்டே போகும் என்கிறார்கள். அதற்குள் பேத்தியை இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடலாம். இப்போதே ஆள் அனுப்பிவிடுங்கள், இன்ஸ்பெக்டர். பெட்டி கட்டுகிற சிரமமாவது அவளுக்கு மிச்சமாகட்டும்.