சீர்த் துப்பாக்கி

“பொறத்தால வாசல் இருக்கையில எவனாவது முன்வாசல் வழியா மருந்தக் கொட்டுவானா அண்ணாச்சி? நீங்களே சொல்லுங்க. ஒங்க துப்பாக்கிய மடக்குனா தோட்டா பாட்டுக்கு பின்னாடி போயி உக்காந்துக்கிடுது. இது அப்படி இல்லயாம். வாய் வழியா மருந்து, வாய் வழியா குண்டு, பொறவு ஒரு நீளக் கம்பிய விட்டு இடி இடின்னு இடிக்கணுமாம். ஒரு தடவ சுட்டாச்சா, மறுபடியும் மொதல்ல இருந்து. அதுக்குள்ள அந்த மானு திருச்செந்தூர் போயி மொட்டை போட்டுட்டே வந்துரும்!”

மந்திரமூர்த்தி தன் துப்பாக்கியை வலது முழங்காலிலிருந்து இடது முழங்காலுக்கு மாற்றி வைத்தார். பட்டாளத்திலிருந்து வந்து இந்த வங்கி வாசலில் காவலுக்கு உட்கார்ந்த இத்தனை வருஷத்தில் அந்தத் துப்பாக்கியைப் பற்றி யாரும் பேச்செடுத்ததில்லை. மேனேஜர் சாப்பிட்டு வந்துவிட்டாரா என்று கேட்பார்கள். செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். இந்த அம்மாள் உள்ளே எதையோ எழுதிக் கொடுத்துவிட்டு, கூப்பிடும்வரை நேரம் போகட்டும் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் செல்போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“ஐயே, அப்படிப் பாக்காதிய. இங்கன சுடுறதுக்கு இல்ல. வல்லநாட்டுக் காட்டு மானத் தொட்டா உள்ள தூக்கி வச்சிருவான்னு எனக்குத் தெரியாதா? இது அமெரிக்காவுக்கு. எம்மவ ஐஸ்வர்யா அங்கனதான் இருக்கா. மாப்பிள்ள வெள்ளக்காரரு, டேனியலு. தங்கமான ஆளு, பாத்துக்கிடுங்க. போன வருசம் எங்க கடக்கர ஊரு புன்னக்காயலுக்குக் கூட்டிட்டுப் போனோம். நண்ட வச்சா ஓட்டோட கடிச்சாரு, பாவம். யாரும் சிரிக்கக் கூடாதுன்னு நான் கண்ணக் காட்டுனேன். நாந்தான் மொதல்ல சிரிச்சேன்.

“அந்த மாப்பிள்ளைக்குச் சீரு அண்ணாச்சி. துப்பாக்கிதான் சீரு! ஊருல ஒருத்தி பைக் குடுத்தா, ஒருத்தி செயின் போட்டா. இந்தப் பிளாரன்ஸு மட்டும் மாப்பிள்ளைக்கு நாட்டுத் துப்பாக்கி எடுக்கா. மரியே! கோயில்ல யாரும் கேட்டா நான் என்னத்தச் சொல்ல? எங்க வீட்டாளுட்ட கேட்டா, ‘எதையாவது எடு’ங்காவ. ஹார்பர்ல டக் போட்டுலதான் வேல. அம்மாம் பெரிய கப்பல இழுத்துட்டு வருவாவ. வீட்டுல ஒரு முடிவ இழுத்துட்டு வரச் சொல்லுங்க பாப்போம். நங்கூரம் போட்ட மாதிரி இருப்பாவ.

“இருங்க, படத்தக் காட்டுதேன். நீங்கதான் எனக்குத் தெரிஞ்சு துப்பாக்கி வச்சிருக்க ஒரே ஆளு. ஒங்கது சுடுமா? சரி சரி, முறைக்காதிய. இந்தா, இது ஒண்ணு. கட்ட பூரா பிளாஸ்டிக்கு. கறுப்பா, கக்கூஸ் பிரஷ் பிடி மாதிரி. மேல ஒரு குழா இருக்குல்லா, அதுல கண்ண வச்சா எட்ட நிக்க மானு மடியில நிக்க மாதிரி தெரியுமாம். இதுக்கும் முன்னாலதான் மருந்து. ஆனா அளந்து கொட்ட வேண்டாம், மாத்திர மாதிரி உருட்டியே விக்கானாம். மாத்திரயப் போட்டு மானச் சுடுதான்! கேட்டியளா கதைய? மழை பெஞ்சாலும் இது நிக்காம வெடிக்குமாம். கடக்காரன் அப்படித்தான் போட்டிருக்கான்னு மவ வாசிச்சுச் சொன்னா.

“அடுத்தது இது. பாருங்க, எவ்வளவு அழகு. வால்நட் மரத்துக் கட்ட, பித்தளப் பூணு, நம்ம மாதா கோயில் கதவு மாதிரி மினுங்குது. பாத்த உடனே எனக்கு இதுதான்னு தோணிச்சு. சுத்தியல் கணக்கா ஒண்ணு இருக்கே, அது வந்து கேப்பு மேல டப்புனு அடிக்கும். தீவாளிக்குப் பிள்ளைங்க வெடிக்குமே, அந்த மாதிரி கேப்பு. ஆனா கொஞ்சம் ஈரம் பட்டாலும் கோவிச்சுக்கிடுமாம். சுட்ட பொறவு வெந்நி ஊத்திக் குழல கழுவணும், இல்லாட்டி விடியதுக்குள்ள துரு ஏறிரும். யாரு கழுவுவா? மாப்பிள்ள மானத் தூக்கிட்டு வருவாரு, எம்மவ குசினியில நின்னு துப்பாக்கி கழுவுவா. எம்.எஸ்ஸி. படிக்க வச்சேன் அண்ணாச்சி அவள!”

மந்திரமூர்த்தி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். கேள்வி வெளியே வருமுன் அதற்குப் பதில் வந்துவிட்டது.

“எதுக்கு இந்தப் பழைய துப்பாக்கின்னுதான கேக்கிய? நானும் கேட்டேனே. அங்கன மானு சுடதுக்கு சீசன் உண்டாம். சாதாரணத் துப்பாக்கிக்கு ஒரு சீசன். அப்ப காடு பூரா ஆளுவ, சஷ்டிக் கூட்டம் மாதிரி. அது எல்லாம் முடிஞ்ச பொறவு, இந்த முன்னால மருந்து போடுறவங்களுக்குன்னு தனியா ஒரு சீசன் விடுவானாம். காட்டுல ஒரு ஈ காக்கா இருக்காதாம். ஒத்த ஆளா ஒரு மரத்தடியில சத்தங்காட்டாம உக்காந்திருக்கலாமாம். மாப்பிள்ளைக்கு அந்த அமைதி வேணுமாம். எங்க வீட்டுல பொண்ணக் கட்டுன பொறவு வந்த ஆசை போலுக்கு!”

தன் பேச்சுக்குத் தானே குலுங்கிச் சிரித்தாள். உப்பு மூட்டை ஏற்றிய லாரி ஒன்று ஹாரன் அடித்தபடி போனது. அது போய் முடியும்வரை காத்திருந்தாள். அப்புறம் குரல் கொஞ்சம் இறங்கியது.

“அந்த சீசன் எப்பங்கிறதுலதான் இடி. கிறிஸ்மஸ் மறுநாள் தொடங்கி மூணு வாரமாம். எம்மவளுக்கு டாக்டர் நாள் குறிச்சிருக்கது எப்போ? மூணு ராசாக்கள் திருநாள் வாக்குல, சனவரி ஆறு. தலப்பிள்ள அண்ணாச்சி. நான் போயி நிக்கலாம்னா, விசாவுக்கு மார்ச்சுலதான் வரச் சொல்லியிருக்கான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக அங்கன வேற யாரு இருக்கா? இவரு ஒருத்தர்தான். நேத்து போனுல அழுதா. ‘அம்மா, நீ துப்பாக்கி வாங்கிக் குடுத்து அவர காட்டுக்கு அனுப்பிட்டா, நான் யாரு கையப் பிடிப்பேன்?’னு. மாப்பிள்ளட்ட சொன்னா, கூப்பிட்டா ஓடி வந்துருவேன்ங்காரு. காட்டுக்குள்ள டவர் கிடையாதாம். என்னத்தக் கூப்பிட? கூவியா கூப்பிட?”

மந்திரமூர்த்தி தலையை ஆட்டினார்.

“வேற ஏதாவது வாங்கிக் குடுன்னுதான சொல்ல வாரிய? முடியாது. குடுக்கேன்னு சொன்ன சீர இல்லன்னு சொன்னா என் மூஞ்சி என்னத்துக்கு ஆவும்? மாப்பிள்ளயே பாத்து எடுக்கட்டும்ங்கியளா? அதுவும் மாட்டேங்காரு. ‘இல்ல அத்தை, உங்க வழக்கப்படி நீங்கதான் எடுக்கணும்’ங்காரு. அத்தைன்னுதான் கூப்பிடுவாரு, மவ சொல்லிக் குடுத்திருக்கா. அதுலயே நான் கரைஞ்சிருவேன்.

“அது என்ன வழக்கமா? அட, அப்படி ஒரு வழக்கமே கிடையாது அண்ணாச்சி! அவரா கேட்டாரு? ஒண்ணுமே வேண்டாம்னுதான் சொன்னாரு. நாந்தான் விடல. காலையில ஒரு மெசேஜ், சாயந்தரம் ஒரு மெசேஜ். சீரு குடுக்காம விட்டா எங்களுக்குக் கொறச்சல், மாமியா தன் கையால தேடி எடுத்துக் குடுக்கணும், அதுதான் எங்க கடக்கர வழக்கம்னு வாயில வந்தத அடிச்சு விட்டேன். பாவம், அந்த மனுசன் ரொம்ப நாளு யோசிச்சு, சரி அத்தை, அப்ப ஒரு துப்பாக்கின்னாரு. இப்ப மவ அங்கன முழிச்சிட்டு உக்காந்திருக்கா. எதுன்னு சொன்னா ஆர்டர் போடணும், நாளையோட தள்ளுபடி முடியுதாம். பிளாஸ்டிக்க எடுத்தா மழையிலயும் காட்ட விட்டு வர மாட்டாரு. வால்நட்ட எடுத்தா அழகுக்காவே தூக்கிட்டுப் போயிருவாரு. எத எடுத்தாலும் எம்மவ ஒத்தையில கெடப்பா.”

செல்போன் இன்னும் மந்திரமூர்த்தி கையில்தான் இருந்தது. படத்தைப் பெருவிரலால் தள்ளினார். அடுத்து இன்னொரு படம் வந்தது. ஒரு துணியின்மேல் குழல் தனியாக, கட்டை தனியாக, திருகாணிகள் தனியாகக் கிடந்தன.

“ஆங், அதத் தள்ளுங்க. அது துப்பாக்கியே இல்ல, பழைய இரும்புக் கட. பாகம் பாகமா பெட்டியில போட்டு அனுப்புவானாம். நாமதான் வீட்டுல உக்காந்து சேக்கணும். கட்ட முரடா இருக்கும், அத ராவணும், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும், எண்ண பூசிக் காய வைக்கணும், மறுபடி தேய்க்கணும். குழலுக்குச் சாயம் ஏத்தணும். மானுக்குப் போறவன் எவனாவது இத வாங்குவானா? மவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரரு ஒருத்தரு வாங்கி, சித்திரையில ஆரம்பிச்சவரு இன்னும் தேய்ச்சிட்டுக் கெடக்காராம். வீட்ட விட்டு எங்கயும் வெளிய…”

பேச்சு நின்றது. உள்ளே நோட்டு எண்ணும் இயந்திரம் ஓடுவது வாசல்வரை கேட்டது. அவள் செல்போனை மெல்ல அவர் கையிலிருந்து வாங்கினாள். படத்தை ஒரு கணம் பார்த்தாள். அப்புறம் அதை வாய்க்குக் கிட்டே கொண்டுபோய், பேச்சைப் பதிவு செய்யும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“ஏளா ஐஸ்வர்யா, மூணாவது. ஆமா, அந்தப் பெட்டிதான். மாப்பிள்ளட்ட சொல்லு, எங்க வழக்கத்துல சீர மாமியா எடுக்கணும், மாப்பிள்ள தன் கையாலயே செஞ்சு முடிக்கணும். அவசரப்பட்டு அரையும் கொறையுமாச் செய்யப்படாது. கார் நிறுத்துற இடத்துல வச்சுத் தேய்க்கட்டும், தூசி ஒனக்கு ஆவாது. ஆனா நீ கூப்பிட்டா காதுல விழணும். பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுக்க வரைக்கும் கடைசித் திருகாணிய முடுக்கப்படாது, அது குடும்பத்துக்கு நல்லதில்ல. கேட்டா புன்னக்காயல் வழக்கம்னு சொல்லு. அவரு நம்புவாரு. பால் குடிச்சியா? தூங்கு. வையி.”

போனை மடியில் வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“என்ன அண்ணாச்சி, சிரிக்கிய? எந்த வழக்கமா இருந்தாலும் எவளாவது ஒருத்தி ஆரம்பிச்சு வச்சிருப்பால்லா? அடுத்த வருசம் சுடட்டுமே. மானு எங்க போயிரப் போவுது? அவரு குறி வேற எப்படியோ, யாரு கண்டா. நண்டையே ஒழுங்காக் கடிக்கத் தெரியல.”

உள்ளேயிருந்து பிளாரன்ஸ் என்று கூப்பிட்டார்கள். அவள் சட்டென்று எழுந்து, ஸ்டூலைப் பழைய இடத்துக்கே நகர்த்திப் போட்டாள்.

“இந்தா வந்துட்டேன்! அண்ணாச்சி, இந்தக் கூடைய இங்கன வச்சிட்டுப் போறேன். உள்ள கொண்டு போனா அந்த ஏசிக்கு நாறும். நெத்திலிக் கருவாடு. ஒரு நிமிசத்துல வந்துருதேன். வந்து மீதியச் சொல்லுதேன். எம் மாப்பிள்ளயோட அம்மா கத ஒண்ணு இருக்கு…”

கண்ணாடிக் கதவு மூடியது. அவள் பேச்சு உள்ளேயிருந்தும் கேட்டது, இப்போது கவுண்டரில் இருந்தவரோடு. மதில்மேல் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது. மந்திரமூர்த்தி தொப்பியைக் கழற்றிக் கூடையின்மேல் கவிழ்த்தார்.