மேலப்புடவுக் குகையின் பிரம்பு வளையம்

உட்காருங்க. அந்தக் கொக்கியில் வளையம் வந்து தொங்குகிற வரைக்கும் ஒருத்தரையும் குகைக்குள் விட மாட்டேன். பெரிய இடத்துக்குப் போன் போடணுமா, போடுங்க. பாரம்பரிய நடைபாதைன்னு போர்டு வைத்த ஆபீசர்களே என்னிடம் மல்லுக்கட்டிப் பார்த்து ஓய்ந்தவர்கள்தான். ஏன் விட மாட்டேன் என்று சொல்கிறேன், கேளுங்க.

இந்த மலையில் ரயில் ஓடி நின்றுபோன காலம் அது. ரயிலுக்காகக் குடைந்த இந்தக் குகைக்கு அந்தப் பக்கம் மேலப்புடவு என்ற ஊரில் கொம்பையா, ஆவுடைத்தாய் என்று புருஷன் பெண்சாதி இருந்தார்களாம். ஆவுடைத்தாய் எங்க அய்யாவுக்குப் பெரியம்மா. ரயில் ஜன்னலில் கொய்யாப்பழம் விற்றவள். வண்டி நகர்ந்துவிட்டால் பழமும் போச்சு, காசும் போச்சு. அதனால் காசு கைக்கு வருகிற வரை பழத்தை விட மாட்டாளாம். வண்டி இழுத்தால் கூடவே ஓடுவாளாம். கையை மட்டும் விட மாட்டாளாம்.

கொம்பையாவுக்கு மேலப்புடவு ஸ்டேஷனில் வேலை. இது ஒற்றைத் தண்டவாளம் பாருங்க, எதிரும் புதிருமாக இரண்டு வண்டி குகைக்குள் வந்துவிடக் கூடாது. அதற்குத்தான் இந்தப் பிரம்பு வளையம். அதில் ஒரு தோல் பை, பைக்குள் ஒரு இரும்புக் குண்டு. கீழே இந்த ஸ்டேஷனில் டிரைவர் அதை வாங்கிக்கொண்டுதான் குகைக்குள் நுழைவார். மேலே போனதும் ஓடுகிற எஞ்சினிலிருந்தே நீட்டுவார். கொம்பையா கையை மடக்கி நீட்டி, முழங்கையில் கோத்து வாங்குவார். வாங்கி ஸ்டேஷன் மாஸ்டரிடம் கொடுத்தால்தான் வண்டி குகையைத் தாண்டியது என்று அர்த்தம். கொடுக்காத வரை, சட்டப்படி வண்டி குகைக்குள்தான் நிற்கிறது.

கடைசி வண்டி வந்த அன்று மேளமும் மாலையுமாக ஒரே கூட்டமாம். மாஸ்டர் கேட்க மறந்தார். கொம்பையா, ஞாபகத்துக்கு இருக்கட்டுமே என்று வளையத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் ஆணியில் மாட்டிவிட்டாராம்.

பிறகு தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். சனங்கள் குகை வழியாக நடக்கப் போனார்கள். போனவர்கள் பாதியிலேயே திரும்பி ஓடி வந்தார்களாம். தண்டவாளமே இல்லாத தரை அதிர்ந்ததாம். சுவரைத் தொட்டால் சுட்டதாம். உள்ளே ஏதோ ஒன்று, நிறுத்தி வைத்த எஞ்சின் மாதிரி, மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டிருந்ததாம். ஆடுகூட வாசலைத் தாண்டாதாம்.

வீட்டில் அதைவிட மோசம். கடைசி வண்டி வந்தது உச்சிப்பொழுது. அந்த நேரமானால் கொம்பையாவின் வலது கை தானாக எழும்புமாம். சோறு தின்றுகொண்டிருந்தாலும் எழும்புமாம். முழங்கை மடங்கி, வாங்குவதற்கு நீட்டின மாதிரியே நிற்குமாம். முதலில் ஒரு நிமிஷம். அப்புறம் ஒரு நாழிகை. ஆடி பிறந்தபோது இறங்கவே இல்லையாம். விரல் நுனி கரியாய்க் கறுத்து, கறுப்பு மெல்ல மெல்லத் தோளுக்கு ஏறியதாம். வைத்தியர், நெஞ்சுக்கு வந்தால் ஆள் தங்காது என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

"எவன்ட்டயாவது எதையாவது வாங்கிட்டு, சேர்க்க வேண்டிய இடத்துல சேர்க்காம வந்தீரா?" என்று ஆவுடைத்தாய் கேட்டாளாம்.

கொம்பையா வளையம் தொங்கிய ஆணியைப் பார்த்தாராம்.

"வண்டியை உள்ளயே நிறுத்தி வச்சிட்டு வந்தா இங்க சோறு தின்னீரு" என்று வளையத்தை உருவிக்கொண்டு ஓடினாளாம். ஸ்டேஷனில் ஆள் இல்லை. கதவு இல்லை, ஓடு இல்லை, வெறும் சுவர். யாரிடம் கொடுப்பாள்? நேரே குகைக்குப் போனாளாம். உச்சிப்பொழுது. நூறு எட்டு வைத்ததும் பின்னால் வாசல் வெளிச்சம் கொய்யாக்காய் அளவுக்குச் சுருங்கிப்போனதாம்.

அப்போது இருட்டிலிருந்து, ஆள் உயரத்துக்கும் மேலே, ஒரு கை நீண்டதாம். கை மட்டும். அது வளையத்தைப் பிடித்ததாம். இவளும் விடவில்லை.

"விலை பேசாம என் பொருள் கை மாறாது. உன் விலை என்ன, சொல்லு."

மூச்சுதான் வந்ததாம். சூடான மூச்சு.

"நீ சொல்லலைன்னா நான் சொல்லுதேன். எம் புருசன் கையை விடு. இந்த வாசல்ல ஒரு கொக்கி அடிக்கேன், அந்த வாசல்ல ஒண்ணு. வளையம் நடக்கிறவங்க கையில இருந்தா நீ ஒதுங்கி நில்லு. உன் கையில இருந்தா நாங்க ஒதுங்கிக்கிடுதோம்."

அது இழுத்ததாம். இவள் ஓடினாளாம். வேகம் கூடக் கூட, கால் தரையில் பாவவே இல்லையாம். முழங்கையில் பிரம்பு சுட்டுத் தோல் பொசுங்கியதாம்.

"கொய்யாப்பழத்துக்கே விடாதவ," என்றாளாம், "புருசனுக்கா விடுவேன்?"

இதோ, இந்த வாசலில் ஆடு மேய்த்தவர்கள் பார்த்தார்களாம். தலையெல்லாம் கரியாக ஒரு பொம்பளை, முழங்கையில் வளையத்தோடு வெயிலுக்குள் வந்து விழுந்தாளாம். பின்னால் யாரும் இல்லையாம். அதே நேரம் மேலப்புடவில் கொம்பையாவின் கை தொப்பென்று மடியில் விழுந்ததாம். அதற்குப் பிறகு நெடுங்காலம் இருந்தார். அந்தக் கையில் மட்டும் கடைசி வரைக்கும் கரி வாசம் போகவில்லையாம்.

அவள் சொன்னபடியே இரண்டு வாசலிலும் கொக்கி அடித்தாள். அதனால்தான் இந்த இடத்துக்கு ஆவுடைத்தாய் கொக்கி என்று பேர். வளையம் எடுத்தவர் நடப்பார், அந்த வாசலில் மாட்டுவார். அங்கிருந்து வருகிறவர் திருப்பிக் கொண்டுவருவார். வளையம் இல்லாமல் யாரும் நுழையக் கூடாது. ஆபீசர்கள் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப் பார்த்தார்கள். பெட்டி வேணும்னா எடுத்துட்டுப் போங்க, வளையம் வராதுன்னுட்டேன்.

என்ன தம்பி, யார் எடுத்துப் போனார்கள் என்றா கேட்டீரு? காலையில் இங்கேதான் தொங்கியது. நான் ஒருத்தருக்கும் எடுத்துக் கொடுக்கவில்லை. மேல் வாசலில் இருக்கிற என் தங்கச்சியைப் போனில் கேட்டேன். அங்கேயும் வரவில்லையாம்.

வரும். வந்து தொங்கும். தொங்கியதும் உடனே தொட்டுவிடாதீங்க. தோல் பை சூடு ஆறட்டும்.